மேடைக்குப் பின்னால் கடல்

சென்னை
4 ஜனவரி 2025

ஐரின் அக்காவுக்கு,

நீங்கள் அனுப்பிய மேடைப் படத்தில் கடல் இடம் மாறியிருக்கிறது. நான் முதலில் பார்த்தது அதைத்தான். விளக்குகளையும் பெரிய திரையையும் பிறகுதான் பார்த்தேன். கடலுக்காகப் போட்ட நீலக் கோடு மேடைக்குப் பின்னால் ஓடுகிறது.

நம் பாட்டு விழாவின் முதல் வருடம் இப்படி இல்லை. மேடை எங்கள் வீடுகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. பாட்டுக் கேட்க வந்தவர்களுக்குப் பின்னால்தான் கடல் இருந்தது. குப்பத்துத் தலைவர் என்ற முறையில் முனியன் மாமா அன்றைக்குச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "பாடிக்கோங்கம்மா, நாங்க வேணான்னு சொல்லல. பொட்டியோட வாய் மட்டும் கடலப் பாத்து இருக்கணும்." நீங்களும் ஏன் என்று கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மயிலாப்பூர் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் அந்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் உங்களோடு பாடும் டெரிக் அண்ணன்தான் கட்டிப்பிடித்துத் திருப்பி வைத்தார். சினிமாப் பாட்டு ஒன்றுகூடப் போடவில்லை என்று எங்கள் பையன்கள் கடைசிவரை கத்திக்கொண்டே இருந்தார்கள்.

படம் வரைந்தவர்கள் தெரியாமல் வரைந்திருப்பார்கள். நான் இதைச் சொன்னதைத் தப்பாக நினைக்க வேண்டாம்.

போனில் பேசு என்று சொல்கிறீர்கள். போனைக் காதில் வைத்தால் எனக்கு 'ம்' மட்டும்தான் வரும், உங்களுக்கே தெரியும். ஒன்பதாவதில் பாடத்தை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். நான் வாசிக்காமல் நின்றேன், தினமும் நின்றேன், பிறகு பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. கடிதம் என்றால் பிடிக்காததைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதலாம்.

ஜாஸ்மின்


கொச்சி
9 ஜனவரி 2025

அன்புள்ள ஜாஸ்மின்,

உன் கண்ணுக்குத்தான் தெரிந்திருக்கிறது. எங்கள் கூட்டத்தில் இருக்கும் இத்தனை பேரில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. ஆனால் தெரியாமல் வரைந்தது இல்லை. கடல் மேடைக்குப் பின்னால்தான் வரப்போகிறது.

இங்கே வந்து பார்த்தால் உனக்குப் புரியும். பழைய படகுத்துறை ஒன்றில் மேடை போட்டோம். மழையில் நனைந்துகொண்டு ஜனங்கள் நின்றார்கள். டெரிக் பாடிய பாட்டை, தமிழ் தெரியாதவர்கள் அவனோடு சேர்ந்து பாடினார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சாந்தோம் கோயில் பாட்டுக்குழுவிலிருந்து கழன்று வந்த நாலு பேர், உன் அம்மாவின் ஐஸ் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஆட்களை உட்காரவைத்து ஆரம்பித்த விழா இது. இரண்டாம் வருடம் அடையாறில் ஒரு மைதானம். அப்புறம் பெங்களூர். இப்போது பெங்களூரோடு கொச்சி, ஹைதராபாத், புனே. எல்லா ஊரையும் சுற்றிவிட்டு, மார்ச் முதல் தேதி கடைசி இரவை ஆரம்பித்த இடத்திலேயே நடத்த வேண்டும் என்பது என் ஆசை.

அதற்குப் பணம் தருவது தரமணியில் இருக்கும் ஒரு கம்பெனி. அவர்களுக்கு எல்லாப் படத்திலும் பாடுகிறவர்களுக்குப் பின்னால் கடல் தெரிய வேண்டுமாம். கடல் பின்னால் என்றால் பெட்டிகள் வீடுகளைப் பார்த்துத்தான் இருக்கும். ஒரே ஒரு இரவுதான்.

முனியன் மாமாவிடம் நீ கேட்கிறாயா? நான் இங்கிருந்து போனில் கேட்டால் மரியாதையாக இருக்காது. நீ அங்கேயே பிறந்து வளர்ந்த பெண். உன்னிடம் மாட்டேன் என்று சொல்லமாட்டார். இது முடிந்தால், ஜூலையில் தொடங்கும் அடுத்த சுற்றுக்கு உன்னையும் கூட்டிக்கொண்டு போகிறேன். வாசலில் நின்று ஆட்களின் கையில் நுழைவுப் பட்டை கட்டும் வேலைக்கு இல்லை. எங்களில் ஒருத்தியாக, எல்லா ஊருக்கும்.

ஐரின்


சென்னை
18 ஜனவரி 2025

ஐரின் அக்காவுக்கு,

காணும் பொங்கலுக்கு வந்த கூட்டத்தில் கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. அம்மா நெத்திலி வறுத்து விற்றாள். வாங்கியவர்கள் எல்லாரும் காரம் என்று சொல்லிவிட்டு மறுபடியும் வந்து வாங்கினார்கள். அப்பாவின் படகு இன்ஜின் இரண்டு நாளாகக் கோளாறு. நேற்றுதான் சரியானது.

முனியன் மாமாவிடம் கேட்டேன். சரி என்று சொல்லிவிட்டார். பெட்டியைப் பற்றியும் கேட்டேன். அதற்கும் சரிதான்.

தி.நகரில் ரங்கநாதன் தெருவுக்குப் பக்கத்தில் சக்கரம் வைத்த பைகள் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஊர் ஊராகப் போவதற்கு அந்த மாதிரிப் பை வேண்டுமா, இல்லை தோளில் மாட்டும் பையே போதுமா?

ஜாஸ்மின்


பெங்களூர்
24 ஜனவரி 2025

என் தங்கமே,

இவ்வளவு சுலபமாக முடியும் என்று நான் நினைக்கவே இல்லை. உன் கடிதத்தை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். டெரிக் மட்டும், "முனியன் மாமாவா? சரின்னாரா?" என்று இரண்டு தடவை கேட்டான். அவனுக்கு எல்லாவற்றிலும் சந்தேகம்.

மேடை வேலையைப் பார்த்துக்கொள்ளும் ஸ்ரீநாத் அடுத்த வாரம் அங்கே வருவான். மயிலாப்பூர்ப் பையன்தான், ஆனால் குப்பத்துக்குள் வந்ததில்லை. நீதான் கூட இருக்க வேண்டும். மேடை வரும் இடத்தில் சிவப்புத் துணி கட்டிய கழிகளை நட்டு அடையாளம் வைப்பான். பிப்ரவரி ஐந்தாம் தேதி மாலை, இரண்டு பெட்டிகளை மட்டும் கொண்டுவந்து சத்தம் எப்படிக் கேட்கிறது என்று போட்டுப் பார்ப்பான்.

சக்கரம் வைத்த பையே வாங்கு. தோளில் மாட்டினால் ரயிலில் வலிக்கும்.

ஐரின்


புனே
6 பிப்ரவரி 2025

ஜாஸ்மின்,

நேற்று இரவிலிருந்து உனக்குப் போன் செய்கிறேன். நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் 'ம்' என்றுதான் சொல்லியிருப்பாய்.

ஸ்ரீநாத் போனில் அழுதான். அவன் அழுது நான் கேட்டதே இல்லை. குப்பத்து ஆட்கள் அவன் சட்டையைப் பிடித்து ரோடுவரை இழுத்துக்கொண்டு வந்து விட்டார்களாம். இனி உள்ளே கால் வைக்கக்கூடாது என்றார்களாம். "அந்தப் பொண்ணு சரின்னு சொன்னதாத்தானே நீங்க சொன்னீங்க? என்னைப் பாத்துக்கிட்டே நின்னா, ஒரு வார்த்தை பேசல" என்கிறான். பெட்டி தூக்க வந்த எவனோ எடுத்த வீடியோவும் வந்தது. ஜனங்கள் ஓடுகிறார்கள். எடுத்தவன் சிரிக்கிறான். அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. அதை அழிக்கச் சொல்லிவிட்டேன், ஆனால் அது எத்தனை பேரிடம் போயிருக்கும் என்று தெரியவில்லை.

எனக்கு ஒன்று மட்டும் சொல். முனியன் மாமாவிடம் நீ கேட்டாயா, இல்லையா?

ஐரின்


சென்னை
10 பிப்ரவரி 2025

ஐரின் அக்காவுக்கு,

கேட்கவில்லை.

கேட்பதற்காகப் போனேன். காணும் பொங்கலுக்கு மறுநாள் வலைக்கூடத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். முனியன் மாமா நிமிர்ந்து பார்த்து, "இன்னாம்மா, உங்க நைனாவத் தேடுறியா? டீ குடிக்கப் போய்க் கீறான்" என்றார். நான் தலையை ஆட்டினேன். அப்பாவைத் தேடித்தான் வந்தேன் என்பதுபோல டீக்கடைக்கே போய் அவர் முன்னால் நின்றேன். அப்பா எனக்கு ஒரு பன் வாங்கிக்கொடுத்தார். அதைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்து உங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். ஊர் ஊராகப் போக வேண்டும் என்ற ஆசையில் எழுதினேன். ஒரு இரவுதானே, சத்தத்தைத் திட்டிக்கொண்டே படுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

ஐந்தாம் தேதி நடந்ததை நீங்கள் வீடியோவில் பாதிதான் பார்த்திருப்பீர்கள். விளக்கு வைத்த நேரம். விடிவதற்கு முன்னால் கடலுக்குப் போகிறவர்கள் படுத்துவிட்டார்கள். நான் ஸ்ரீநாத் அண்ணனோடு பெட்டிக்குப் பின்னால் நின்றேன். அவர் பாட்டுக்கூடப் போடவில்லை. ஒரே ஒரு அடிச்சத்தம், இடி தரையில் உருண்டு வருவதுபோல. மணல் என் பாதத்துக்குக் கீழே நடுங்கியது. வீடுகளின் ஷீட்டுக் கூரைகள் எல்லாம் சேர்ந்து கடகடத்தன. ஸ்ரீநாத் அண்ணன் நல்லா இருக்கு என்பதுபோல என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார்.

அப்போதுதான் கதவுகள் திறந்தன. "தண்ணி வருது! தண்ணி வருது!" என்று யாரோ கத்தினார்கள். தூக்கத்திலிருந்து எழுந்தவர்கள் குழந்தைகளை வாரிக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓடினார்கள். யாரும் திரும்பிக் கடலைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அது சும்மா கிடப்பது தெரிந்திருக்கும்.

அம்மாவும் ஓடினாள். மீன் கழுவும் சட்டியைக் கீழே போடத் தோன்றாமல் இடுப்பில் இடுக்கிக்கொண்டே ஓடினாள். "ஜாசு! ஜாசு!" என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டு ஓடினாள். ரோட்டுக்குப் பக்கத்தில் நின்று, நான் வரவில்லை என்று தெரிந்ததும் திரும்பிக் கடலைப் பார்த்து ஓடிவந்தாள். எல்லாரும் அந்தப் பக்கம் போக, அவள் மட்டும் இந்தப் பக்கம் வந்தாள். நான் பெட்டிக்குப் பின்னால்தான் இருந்தேன். இங்கே இருக்கிறேன் என்று சொல்ல எனக்குக் குரல் வரவில்லை.

நான் சுனாமிக்குப் பிறகு பிறந்தவள். எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். ஆட்கள் தூங்க வேண்டும் என்பதற்காகத்தான் முனியன் மாமா பெட்டியைத் திருப்பச் சொன்னார் என்று நானும் நினைத்திருந்தேன். கடல் பக்கத்திலிருந்து வீடுகளைப் பார்த்துச் சத்தம் வரக்கூடாது, அவ்வளவுதான் அவர் கேட்டது.

பெட்டி தூக்கும் பையன்கள் சிரித்தார்கள். ஓடியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பெரிய ஆம்பிளைகள் லுங்கியை இறக்கிக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

முனியன் மாமா வந்து, "யாரக் கேட்டுடா பொட்டிய இப்டி வெச்ச?" என்றார்.

ஸ்ரீநாத் அண்ணன் என்னைக் காட்டினார். "உங்க ஆளுங்கதான் சார். இவங்கதான் நீங்க சரின்னதா சொன்னாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா வந்து நடுவில் நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள். "எம் பொண்ணா? எதிர்ல ஆள் வந்தாலே செவுத்தோட ஒட்டிக்கினு போற பொண்ணு அது. அது வந்து உன்கிட்ட சொல்லிச்சா? பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு கீது நைனா. மாமா, எம் பொண்ணு சொல்லியிருந்தா என்ன செருப்பால அடி."

எல்லாரும் நம்பினார்கள். நான் பேசமாட்டேன் என்பது எல்லாருக்கும் தெரியும் அல்லவா? பிறகுதான் ஸ்ரீநாத் அண்ணனின் சட்டையைப் பிடித்தார்கள். போகும்போதும் அவர் என்னையே பார்த்துக்கொண்டு போனார். நான் மணலைப் பார்த்தேன்.

அன்றைக்குச் சாப்பிடும்போது அம்மா எனக்கு வஞ்சிரத்தில் நடுத்துண்டாகப் பார்த்து வைத்தாள். "பயந்துட்டியா? அந்தப் பையன் வாய் தொறக்காத பொண்ணா பாத்துப் பழி போடப் பாத்தான்" என்றாள். நான் சாப்பிட்டேன் அக்கா. அதைச் சாப்பிட்டேன்.

ஜாஸ்மின்


புனே
13 பிப்ரவரி 2025

அன்புள்ள ஜாஸ்மின்,

உன் மேல் கோபப்படலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. ஏன் என்று எழுதிவிடுகிறேன்.

சுனாமி வந்தபோது எனக்கு ஆறு வயது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கோயில் கூடத்தில்தான் உங்கள் ஜனங்கள் எல்லாரும் படுத்திருந்தார்கள். அம்மா அண்டாவில் சாதம் வடித்தாள். நான் தட்டு கொடுத்தேன். வெளியே ஒரு லாரி போனால்கூட மொத்தக் கூடமும் எழுந்து உட்கார்ந்துவிடும். அதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். முனியன் மாமா எதற்காகப் பெட்டியைத் திருப்பச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் அதுவும் பொய்தான். முதல் வருடம் தெரிந்திருந்தது. கொச்சியில், அந்தக் கூட்டத்தின் முன்னால், மறந்துவிடலாம் என்று தோன்றியது.

நான் கேட்டால் அவர் மாட்டேன் என்பார். அதனால்தான் உன்னைக் கேட்கச் சொன்னேன். நீ கேட்கமாட்டாய், ஆனால் எனக்கு இல்லை என்றும் சொல்லமாட்டாய். இதுவும் உள்ளே எங்கோ எனக்குத் தெரிந்துதான் இருந்தது. டெரிக் சந்தேகப்பட்டபோது நான் அவனிடம் எரிந்து விழுந்தேன்.

இப்போது செய்யவேண்டியதைச் சொல்கிறேன். நீ யாரிடமும் எதுவும் சொல்லாதே. அங்கே வாழ வேண்டியவள் நீ. ஸ்ரீநாத்தை ஹைதராபாத் வேலைக்கு அனுப்பிவிடுகிறேன். அவன் வெளி ஆள், நாலு நாளில் மறந்துவிடுவான். தப்பு அவனுடையதாகவே இருக்கட்டும். இருபதாம் தேதி நான் வந்து முனியன் மாமாவைப் பார்க்கிறேன். மேடை கம்பெனி கேட்ட இடத்திலேயே இருக்கட்டும், சத்தத்தைப் பாதியாகக் குறைத்துவிடலாம். கழிகளை அப்படியே விட்டு வை. ஜூலைக்கு உன் இடம் அப்படியே இருக்கிறது. பை வாங்கிவிட்டாயா?

இதை எழுதும்போதே எனக்கு என்னைப் பிடிக்கவில்லை. ஆனாலும் இதுதான் எல்லாருக்கும் நல்லது.

ஐரின்


சென்னை
17 பிப்ரவரி 2025

ஐரின் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் சனிக்கிழமை வந்தது. முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்ததும் அப்படித் தூங்கியதுதான் அசிங்கமாக இருந்தது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மீன் கடையில் கூட்டம். அம்மாவுக்குப் பக்கத்தில் நான் சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடை ஆயா, "அந்தப் பொட்டிக்காரப் பையன் திரும்ப வந்தானா கங்கம்மா?" என்று கேட்டாள். "வந்துருவானா? எம் பொண்ணு மேல பழி போட்டவன இந்தக் கத்தியாலயே கேப்பேன்" என்று அம்மா சிரித்தாள். வாங்க வந்த மயிலாப்பூர் மாமியும் சிரித்தார்.

"நான்தாம்மா சொன்னேன்" என்றேன்.

"இன்னா?"

"அவரு பொய் சொல்லல. மாமா சரின்னாருன்னு நான்தான் அக்காவுக்கு எழுதினேன். மாமாவ நான் கேக்கவே இல்ல."

அம்மா வெட்டிக்கொண்டிருந்த மீனை வெட்டி முடித்தாள். கழுவினாள். பையில் போட்டு அந்த மாமியிடம் கொடுத்தாள். மீதிச் சில்லறையும் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், "கூப்ட்டுக்கினே ஓடினேனே, அப்போ எங்க இருந்த?" என்று கேட்டாள்.

"பொட்டிக்குப் பின்னால."

"கேட்டுதா?"

"கேட்டுது."

அவள் அடுத்த மீனை எடுத்துத் தலையை வெட்டினாள். ஆயாதான், "ஏய், போதும் விடு, ஞாயித்துக்கெழம வேவாரத்தப் பாரு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அம்மா, "என்கிட்ட சொல்லி இன்னா பண்றது? செருப்பால அடின்னு நான் சொன்னது அவராண்ட" என்றாள்.

கையைக் கழுவிக்கொண்டு வலைக்கூடத்துக்குப் போனேன். அதே தூண். முனியன் மாமா நிமிர்ந்து பார்த்து, "இன்னாம்மா, உங்க நைனா இதோ இங்கதான் கீறான்" என்றார். அப்பாவும் அங்கே இருந்தார். மீன் கடையில் சொன்னதையே சொன்னேன். பாதிதான் வெளியே வந்தது. "சத்தமா சொல்லு" என்று யாரோ சொன்னார்கள். மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன்.

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். டில்லிபாபு பெத்த பொண்ணா இது என்று ஒருவர் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கும். முனியன் மாமா கையில் இருந்த வலை ஊசியைக் கீழே வைத்தார். "நாங்க ஓடினத ஊரே பாத்து சிரிச்சுதும்மா. என் பேரன் போன்ல காமிக்கிறான், தாத்தா நீ ஓடுறன்னு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம். பிறகு, "அந்தப் பையன வரச் சொல்லு. நாங்க கைய வெச்சது தப்பு. பொட்டி கடலப் பாத்தா மேடை, இல்லாங்காட்டி இல்ல. இத உங்க அக்கா என்னாண்ட வந்து கேக்கட்டும்" என்றார்.

வெளியே வந்து ஸ்ரீநாத் அண்ணனுக்குப் போன் செய்தேன். அவர் 'ஹலோ' என்றார். எனக்கு வழக்கம்போல 'ம்' என்றுதான் வந்தது. அவர் வைத்துவிடுவார் என்று பயந்து, "நான் ஜாஸ்மின். நீங்க சொன்னதுதான் நெசம்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்று சொன்னேன். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். ஆமாம் என்றேன்.

ஜூலைக்கு நான் வரவில்லை. பை வாங்கவில்லை.

கழிகளை அப்படியே விட்டு வை என்று எழுதியிருந்தீர்கள். நேராக மணலுக்குப் போனேன். வெயிலில் யாரும் இல்லை, நாய்கள்தான் படகு நிழலில் படுத்திருந்தன. அலைக்குப் பக்கத்தில் நட்டிருந்த சிவப்புத் துணிக் கழிகளை ஒவ்வொன்றாக அசைத்து அசைத்துப் பிடுங்கினேன். எல்லாவற்றையும் தோளில் வைத்து மேலே தூக்கிக்கொண்டு வந்து, மேடை எங்கள் வீடுகளுக்கு முதுகைக் காட்டும்படி, முதல் வருடம் அது இருந்த இடத்திலேயே நட்டேன். கடைசிக் கழி மட்டும் சாய்ந்துகொண்டே இருந்தது. அதைப் பிடுங்கி, கையால் பள்ளம் தோண்டி, மறுபடி ஊன்றி, சுற்றிலும் மணலைத் தள்ளி மிதித்தேன்.

ஜாஸ்மின்